அளவறிந்த ஆசனம்: தைராய்டு குறைபாடும் வெப்ப அறை யோகமும்

உடல் என்பது மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட கருவி. கருவியைப் போற்றாதவனால் பணியைச் செய்ய இயலாது; கருவியே பணி என்று எண்ணி மயங்குபவனாலும் இயலாது. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழியையே நம் முன்னோர் யோகம் என்றனர். அந்த நடுவழி தவறும்போது, நன்மை தரவேண்டிய பயிற்சியே தீங்காக முடிவதும் உண்டு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டை இங்கே ஆராயலாம்.

கொச்சி மாநகரின் தென்பகுதியில், பள்ளுருத்திக்குத் தெற்கே, காயலோரத்தில் அமைந்திருக்கிறது இடக்கொச்சி. அங்கே வாழும் நாற்பத்தைந்து வயதுக் குடும்பத்தலைவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஈராண்டுகளுக்கு முன் அவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. அன்றுமுதல் நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை உண்டு வருகிறார். ஆயினும் எடை எதிர்பார்த்தபடி குறையவில்லை. பிற்பகலில் சோர்வு வந்து அழுத்துகிறது. பெருநகரத்தில் வாழும் உறவினர் ஒருவர் அவரிடம் கூறுகிறார்: “சூடேற்றிய அறையில் யோகாசனம் செய்தால் வியர்வையோடு நச்செல்லாம் வெளியேறும், உறங்கும் சுரப்பி விழித்துக்கொள்ளும், பிறகு மாத்திரையே வேண்டாம்.”

இப்போது அவர்முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. வெப்ப அறைப் பயிற்சியை மேற்கொள்ளலாமா என்பது முதற்கேள்வி. மேற்கொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து பிறக்கிறது. ஆகவே அவற்றைத் தனித்தனியே காண்பது நலம்.

கழுத்திலுள்ள சிறு சுரப்பி

தைராய்டு, கழுத்தின் முன்புறத்தில் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். உணவிலுள்ள அயோடினை ஈர்த்து, டி-4, டி-3 என்னும் இரு சுரப்புநீர்களை அது உண்டாக்குகிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை இவை நிர்ணயிக்கின்றன. இதயத்துடிப்பு, குடலின் அசைவு, தோலின் ஈரம், மனத்தின் சுறுசுறுப்பு, உடலின் வெப்பம் ஆகிய அனைத்திலும் இவற்றின் ஆட்சி உண்டு.

இச்சுரப்பியைக் கண்காணிப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. தைராய்டின் சுரப்பு குறைந்தால் பிட்யூட்டரி தனது தூண்டுநீரான டி.எஸ்.எச்.-ஐ மிகுதியாக அனுப்பும்; சுரப்பு மிகுந்தால் தூண்டுநீரைக் குறைத்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். உயர்ந்து காணப்பட்டால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என மருத்துவர் பொருள்கொள்வது இதனால்தான்.

குறைவாகச் சுரப்பவருக்குக் குளிர் தாங்காது, தோல் வறளும், நாடி மெதுவாகும், தசை பிடிக்கும், எடை கூடும். மிகுதியாகச் சுரப்பவருக்கோ இதற்கு நேர்மாறான நிலை: வெப்பம் தாங்காது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உண்டபோதிலும் எடை குறையும். இரண்டையும் ‘தைராய்டு’ என்று ஒரே சொல்லால் குறிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குப் பொருந்திய அறிவுரை மற்றவருக்குப் பெருந்தீங்காகலாம் என்பதை மறந்துவிடலாகாது.

கொச்சியில் கண்ட உண்மை

கடற்கரை மக்களுக்கு மீனும் உப்பும் கிடைக்கின்றன. அவர்களுக்குத் தைராய்டு நோய் வராது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். அந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அயோடின் இல்லாத மண்ணையுடைய இமயமலை அடிவாரத்தில் கழுத்துக்கழலை மிகுந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு தொடங்கி டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் மைய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களிலும் வேறொரு காரணத்தால் இந்நோய் வருகிறது. கொச்சியிலுள்ள அம்ருதா மருத்துவ அறிவியல் நிலையத்தின் மருத்துவர்கள் அந்நகர மக்களிடையே நடத்திய ஆய்வு 2009-ஆம் ஆண்டு வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட 971 பெரியவர்களில் 3.9 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. மேலும் 9.4 விழுக்காட்டினருக்கு, டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருக்கும் தொடக்கநிலைக் குறைவு இருந்தது; இது ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. அம்மக்களின் உடலில் அயோடின் போதுமான அளவு இருந்ததையும் அதே ஆய்வு உறுதிசெய்தது. தொடக்கநிலைக் குறைவு உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் இரத்தத்தில், சொந்தத் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன.

இதுவே நோயின் வேர். உடலைக் காக்க வேண்டிய படை, தன் வீட்டையே பகைவன் கோட்டை என்று எண்ணித் தாக்குகிறது. 1912-ஆம் ஆண்டில் ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் இவ்வகைச் சுரப்பியின் மாற்றங்களை முதன்முதலில் விவரித்தார். எனவே அவருடைய பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. இங்கே சுரப்பி உறங்கவில்லை. சிறிது சிறிதாக அழிந்துகொண்டிருக்கிறது. உறங்குபவனைத் தட்டி எழுப்பலாம். புண்பட்டவனைத் தட்டி எழுப்ப முடியுமா?

வெப்ப அறை வந்த வழி

சூடேற்றிய அறையில் ஆசனம் செய்யும் முறை பழைய ஹடயோக நூல்கள் எதிலிருந்தும் வந்ததன்று. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி விஷ்ணு சரண் கோஷ் 1923-இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அவரிடம் பயின்றதாகக் கூறிய பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்காவில் பயிற்சி நிலையம் தொடங்கினார். 26 ஆசனங்களும் பிராணாயாமப் பயிற்சிகளும் கொண்ட ஒரு வரிசையை, ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் 90 நிமிடங்கள் செய்வது அவரது முறை. அவ்வரிசையைத் தமது தனியுரிமையாக்க அவர் முயன்றார். உடல் நலத்துக்கான ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்மீது பாலியல் புகார்களும் வழக்குகளும் எழுந்தபின் பல நிலையங்கள் அவருடைய பெயரைக் கைவிட்டு, ‘ஹாட் யோகா’ என்ற பொதுப்பெயரை ஏற்றன.

குளிர்நாட்டில் இந்தியாவின் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வது இதன் கருத்து என்று சொல்லப்பட்டது. அவ்வாறாயின், இந்தியாவிலேயே, அதிலும் காயலோரத்தில் வாழ்பவருக்கு அது எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

வியர்வை செய்யும் பணி

மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். காற்று 40 பாகையாக இருந்தாலோ உடலே காற்றிடமிருந்து வெப்பத்தைப் பெறத் தொடங்கும். அப்போது உடலைக் குளிர்விக்க எஞ்சியுள்ள ஒரே வழி வியர்வை உலர்வது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆனால் தரையில் சொட்டும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துச் செல்வதில்லை; நீரையும் உப்பையும் இழப்பது மட்டுமே மிச்சம்.

இடக்கொச்சியில் கோடை நாளில் காற்று 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருப்பதாகக் கொள்ளலாம். அக்காற்றில், 40 பாகையும் 40 விழுக்காடும் உள்ள வெப்ப அறைக் காற்றில் இருப்பதைவிட நீராவி அதிகம். அதே காற்றை அறையில் அடைத்து 40 பாகைக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் ஏறத்தாழ 45 விழுக்காடாக நிற்கும். பலர் கூடி வியர்க்கும்போது மேலும் உயரும். அதாவது, வேற்றுநாட்டில் வகுத்த அளவையும் கடந்த கடுமை இங்கே தானாகவே வந்துவிடுகிறது.

‘வியர்வையோடு நச்சு வெளியேறும்’ என்ற கூற்றும் ஆராயத்தக்கது. உடலின் கழிவுகளை அகற்றும் பெரும்பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. வியர்வையில் பெரும்பகுதி நீர், அடுத்தது உப்பு. பயிற்சி முடிந்ததும் எடைக்கருவியில் ஒரு கிலோ குறைந்து காணப்படலாம். அது கொழுப்பன்று, நீர். இரண்டு செம்பு தண்ணீர் அருந்தியதும் திரும்பிவிடும்.

தைராய்டு நோயாளிக்கு நேரும் தனி ஆபத்துகள்

சுரப்பு மிகுந்தவருக்கு உள்ளேயே தீ மூண்டிருக்கிறது. நாடி ஏற்கெனவே விரைகிறது. சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடும். அவரை வெப்ப அறையில் நிறுத்துவது எரியும் அடுப்பில் விறகைத் திணிப்பதற்கு ஒப்பாகும். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று மருத்துவர் கூறும்வரை அவர் இப்பயிற்சியை அறவே தவிர்க்க வேண்டும்.

சுரப்பு குறைந்தவரின் நிலை சற்று நுட்பமானது. அவருக்குக் குளிர் தாங்காது. ஆதலால் வெப்ப அறை தொடக்கத்தில் இதமாகவே தோன்றும். அந்த இதமே ஏமாற்றக்கூடும். சுரப்புக் குறைவில் வியர்க்கும் திறன் குறையலாம். அப்போது வெப்பம் உள்ளேயே தங்கும். கடுமையான குறைவில் நீரை வெளியேற்றும் சிறுநீரகத்தின் ஆற்றலும் தளர்ந்து, இரத்தத்தில் உப்பின் அளவு குறைய இடமுண்டு. அந்நிலையில் மிகுதியாக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே ஏராளமாகக் குடித்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை தோன்றலாம். மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் கூடியிருந்தாலோ, குறைவு நோயாளியே மிகுதி நோயாளியைப்போலப் படபடப்புக்கு ஆளாவார்.

மாத்திரையால் டி.எஸ்.எச். சரியான அளவில் நிற்கும் ஒருவர், இதயநோய் முதலியன இல்லாதவர், மருத்துவரின் இசைவோடு மிதமான வெப்பத்தில் பயிற்சி செய்வது குற்றமன்று. ஆனால் அதனால் தனிப்பயன் உண்டா?

ஆராய்ச்சி காட்டுவது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நடுவயதினர் 52 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. ஒரு குழு வெப்ப அறையிலும், ஒரு குழு சாதாரண அறையிலும் அதே ஆசனங்களை 12 வாரங்கள் செய்தது. மூன்றாவது குழு பயிற்சி செய்யவில்லை. பயிற்சி செய்த இரு குழுவினருக்கும் இரத்தக்குழாய்கள் விரியும் திறன் மேம்பட்டது. இந்தப் பயன் ஆசனத்தால் விளைந்தது, வெப்பத்தால் அன்று.

தைராய்டு குறைவுடைய 22 பெண்கள் ஆறு மாதம் யோகம் பயின்றது குறித்த ஆய்வு ஒன்று 2016-இல் நம் நாட்டிலிருந்து வெளிவந்தது. கொழுப்பின் அளவுகள் சீரடைந்தன. மருந்தின் தேவையும் சிறிது குறைந்ததாகக் கண்டனர். ஆனால் டி.எஸ்.எச். குறைந்ததை உறுதியானதாகக் கொள்ள முடியவில்லை. முன்னோட்ட ஆய்வு என்றே அதை நடத்தியவர்கள் அதற்குப் பெயரிட்டனர். யோகம் துணைசெய்கிறது என்று கருத இது இடந்தருகிறது. மருந்தை விட்டுவிடலாம் என்று கூற இடந்தரவில்லை.

கழுத்தை மடக்கும் சர்வாங்காசனம், விபரீதகரணி, ஹலாசனம் ஆகியவை தைராய்டைக் குணப்படுத்தும் என்பதும் பரவலான நம்பிக்கை. ஹடயோக நூல்களில் இச்சுரப்பியின் பெயரே கிடையாது. விபரீதகரணிக்கு அவை கூறும் பயன், உச்சியிலிருந்து வழியும் அமுதத்தைக் காத்தல் என்பதே. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் போன்றோர், யோகத்தை உடலியலோடு இணைத்து ஆராய்ந்த காலத்தில்தான் இத்தொடர்பு பேசப்படலாயிற்று. ஆனால் தைராய்டு இயல்பாகவே இரத்தம் செழித்த உறுப்பு. அதற்குக் குறை இரத்தம் அன்று. கழுத்து எலும்புத் தேய்வு, பெரிய கழலை, கட்டுப்படாத இரத்த அழுத்தம், கண்ணழுத்தம் உடையோர் இவ்வாசனங்களைத் தவிர்ப்பதே முறை.

நூல்கள் விதித்த எல்லை

முன்னோர் அளவைப் பற்றி மிகத் தெளிவாகவே கூறியிருக்கிறார்கள். ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாக, முயற்சியின் இறுக்கம் தளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது பதஞ்சலியின் கருத்து. ஹடயோகப் பிரதீபிகையில் ஸ்வாத்மாராமர் யோகத்தைக் கெடுக்கும் ஆறினைப் பட்டியலிடுகையில் மிகை உணவை அடுத்து மிகை உழைப்பைச் சேர்க்கிறார். பயிற்சியின் தொடக்கத்தில் நெருப்பின் அருகாமையையும் உடலை வருத்தும் செயல்களையும் விலக்கும்படி அந்நூல் அறிவுறுத்துகிறது. கடுங்கோடையில் யோகத்தைத் தொடங்கலாகாது, வசந்தத்திலும் சரத்காலத்திலும் தொடங்குக என்கிறது கேரண்ட சம்ஹிதை. உணவிலும் உறக்கத்திலும் செயலிலும் அளவோடு இருப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் உபதேசம்.

இத்தனை நூல்களும் ஒருமுகமாகச் சொல்வது ஒன்றே: வருத்துவது தவமன்று, அறிந்து அடக்குவதே தவம்.

மாத்திரையை நிறுத்தினால்?

இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடுமையானது. தைராய்டு மாத்திரையில் இருப்பது வேற்றுப்பொருள் அன்று. சுரப்பி தரவேண்டிய அதே டி-4. 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் எட்வர்டு கெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். இது இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் பெரும்பாலோர் எந்த வேறுபாட்டையும் உணர்வதில்லை. அதே வாரத்தில் புதிய பயிற்சியின் உற்சாகமும் சேர்கிறது. ‘யோகத்தால் குணமடைந்துவிட்டேன்’ என்று அவர் மனமாரச் சொல்கிறார். அதைக் கேட்டு மற்றொருவரும் நிறுத்துகிறார். சில வாரங்கள் கழித்துச் சோர்வும் வீக்கமும் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. மெல்ல வருவதால் காரணம் புரிவதில்லை. நீண்டகாலம் கவனிக்காவிட்டால் இதயம் பாதிக்கப்படும். அரிதாக, முற்றிய நிலையில் நினைவிழந்து உயிருக்கே ஆபத்து நேரும். கருவுற்ற பெண் நிறுத்தினால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் கேடு. அவர்கள் வெப்ப அறையையும் நாடலாகாது.

இடக்கொச்சிப் பெண்மணி தம் மருத்துவரிடம் சென்று வினவுவதாகக் கொள்ளலாம்.

“டாக்டர், யோகம் செய்தால் இந்த மாத்திரையிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்குமா?”

“அம்மா, கண்ணாடி அணிந்து நூல் படிப்பவர், படிப்பால் அறிவு வளர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி விடுகிறாரா? மாத்திரை உங்கள் கண்ணாடி. யோகம் உங்கள் படிப்பு. இரண்டும் இருக்கட்டும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்குப்பின் இரத்தத்தைப் பார்ப்போம். அளவைக் குறைக்க வேண்டுமானால் அந்த எண் சொல்லட்டும், நான் குறைக்கிறேன்.”

நடைமுறைப் பாடம்

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, காப்பிக்கும் உணவுக்கும் முன்னர் அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆசனப் பயிற்சிக்கும் வெறும் வயிறே ஏற்றது. ஆகவே வைகறையில் எழுந்து மாத்திரையை உண்டபின், காத்திருக்கும் அந்த நேரத்தையே பயிற்சி நேரமாக்கிக்கொள்ளலாம். மருந்தும் யோகமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; ஒரே காலைப்பொழுதில் அருகருகே அமரக்கூடியவை.

இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி உண்ண வேண்டும். தைராய்டு மாத்திரை வெப்பத்தாலும் ஈரத்தாலும் வீரியம் இழக்கும். அடுப்படியிலும் சன்னலோரத்திலும் வைக்கலாகாது.

காற்றோட்டமுள்ள திண்ணையோ மாடியோ போதும். வெப்பமூட்டும் கருவி வேண்டாம். எளிய நிற்றல் ஆசனங்கள், முதுகை மெல்ல வளைக்கும் புஜங்காசனம், நாடிசுத்தி, இறுதியில் சவாசனம் எனத் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல நீட்டிக்கலாம். தலைசுற்றல், படபடப்பு, குமட்டல், வியர்வை திடீரென நின்றுபோதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் அமர வேண்டும். ‘தாங்கிக்கொள்’ என்று வற்புறுத்தும் ஆசிரியரைவிட, ‘இன்று இவ்வளவு போதும்’ என்று சொல்லும் ஆசிரியரே மேல்.

நிறைவாக

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களை வகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். இந்நான்கில் யோகத்தின் இடம் எது? அது மருந்தின் இருக்கையைப் பறிக்க வந்ததன்று. நோயாளியின் அருகிலிருந்து, மனத்துக்குத் துணிவும் உடலுக்கு இணக்கமும் தந்து, மருந்தைத் தவறாமல் உண்ணும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் துணைவன் அது. துணைவனை மருத்துவனாக்க முயன்றால் இருவரையும் இழக்க நேரும்.

காயற்காற்று வீசும் வைகறையில், சிறு மாத்திரை ஒன்றை உண்டுவிட்டு, திண்ணையில் பாய் விரித்து அமைதியாக மூச்சைக் கவனிக்கும் அப்பெண்மணி எதையும் இழக்கவில்லை. அளவறிந்து செய்யும் அப்பயிற்சியே அவருக்கு உரிய யோகம்.

சிந்தனைக்கு:

1. சுரப்புக் குறைவு உடையவருக்கு வெப்ப அறையின் இதம் எவ்வாறு ஏமாற்றமாகக்கூடும்?

2. மாத்திரையை நிறுத்தியவர் முதல் வாரத்தில் நலமாக உணர்வது ஏன் சான்றாகாது?

3. உமது அன்றாடப் பயிற்சியில் உடலை வருத்துவது எது, அடக்குவது எது?